திரும்பிப் பார்த்த ரத்தக்காட்டேரியும் திரும்பாத நானும்

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களின் மேலான பார்வைக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், அச்சகத்தில் உள்ளவர்களும், தங்கள் இதழில் ரத்தக்காட்டேரிக் காதல் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கும் அந்த எழுத்தாளரும் அவரவர் வீட்டில் அவரவர் மனைவி மக்களோடு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அப்படி இல்லை. என் மனைவி என் வீட்டில் இல்லை. தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்குக் காரணம் தங்கள் தொடர்கதை. அவள் திரும்பி வருவதற்கு ஒரே வழி, தாங்கள் அந்தக் கதையை மாற்றுவது. மாற்றும் வரைக்கும் நான் விடுவதாக இல்லை என்பதை முதல் பாராவிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். எனக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் கிடையாது. என் மனைவிக்கு உண்டு. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, நீளமானதைக் குட்டையாக்குவது, இறுக்கமானதைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது என்று அந்தத் தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கிறாள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் மெஷின் சத்தம் ஓயாது. தங்கள் இதழ் வந்து விழுகிற அன்றைக்கு மட்டும் ஓயும். அன்றைக்கு எனக்கு டீ கூடக் கிடைக்காது. கேட்டால், "இருங்க, அவன் பாதாளத்துல இறங்கிக்கிட்டு இருக்கான்" என்பாள். யாரோ எங்கேயோ இறங்குவதற்கு என் டீ என்ன பாவம் செய்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவ்வளவு பொறுமைசாலி நான்.

கதை தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன் என்பதற்காகச் சொல்கிறேன். கதாநாயகன் ஒரு ரத்தக்காட்டேரி. பல ஆயிரம் வயசு, ஆனால் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பான், யாழ் வாசிப்பான். ரத்தம் குடிக்கிறவனுக்கு எதற்கப்பா யாழ் என்று கேட்கக் கூடாதாம். கிரேக்கர்களின் பழங்கதையில் ஆர்ஃபியஸ் என்று ஒருவன் அப்படித்தான் வாசித்தானாம், இவன்தான் அவனாம், செத்துப்போகாமல் இத்தனை காலம் சுற்றிக்கொண்டிருக்கிறானாம். இவன் காதலிக்கும் நர்சம்மாவைப் பாம்பு கடித்துவிடுகிறது. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இவனும் ஒரு கடி கடிக்கிறான். ஆக ஒரே ஆளுக்கு இரண்டு கடி. அந்தப் பெண் முழுசாகச் சாகவும் இல்லாமல் பிழைக்கவும் இல்லாமல் பாதாளத்துக்குப் போய்ச் சேர்கிறாள். இவன் யாழைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கி, பாதாள ராஜா முன்னால் உட்கார்ந்து வாசிக்க, ராஜா மனசு இளகி, "சரி, கூட்டிக்கிட்டுப் போ. ஆனா நீ முன்னாடி நட, அவ பின்னாடி வருவா. மேல போய்ச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பார்க்கக் கூடாது" என்கிறார். இவ்வளவுதான் நிபந்தனை. சின்னக் குழந்தை செய்துவிட்டுப் போகும். இந்த மகானுபாவன் எல்லாப் படியும் ஏறி, வாசல் வெளிச்சம் தெரிகிற கடைசிப் படியில், பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டதே என்று திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறான். அவள் புகையாகக் கரைந்து போகிறாள். தாங்கள் 'தொடரும்' போட்டுவிட்டீர்கள்.

என் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள் ஐயா. யாருக்கோ உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று ஓடிவந்து கேட்டேன். கதையைச் சொன்னாள். இந்த இடத்தில் ஒரு நல்ல கணவன் என்ன சொல்வான்? ஆறுதல்தான் சொல்வான். நானும் அதைத்தான் சொன்னேன். "சரியான முட்டாப் பயலா இருக்கானே! பார்க்காதன்னு சொன்னா பார்க்காம நடக்க வேண்டியதுதானே? நானா இருந்தா பார்த்திருக்கவே மாட்டேன்."

அழுகை டக்கென்று நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமா. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பாராட்டு என்று நினைத்து நான் தலையை வேறு ஆட்டிவிட்டேன். அப்புறம்தான் ஆரம்பித்தது. மார்க்கெட்டில் அவள் செருப்பு வார் அறுந்து நடுரோட்டில் ஒற்றைக்காலில் நின்றபோது, நான் காய்கறிப் பையோடு வீடு வந்து சேர்ந்து, பையை வைத்து, முகம் கழுவி, "சாப்பாடு ரெடியா?" என்று காலி அடுப்படியைப் பார்த்துக் கேட்டேனாம். அவளுடைய சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, கதவைத் திறந்தவர் "நீங்க மட்டும்தான் வந்தீங்களா?" என்று கேட்க, "இல்லை, அவளும் வர்றா" என்று நான் பின்னால் கையைக் காட்ட, அங்கே ஒரு நாய் நின்றதாம். கல்யாணம் ஆன புதிதில், ரயில் நிலையத்தில், நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு வண்டி நகர, அவள் பிளாட்பாரத்தில் பெட்டியோடு ஓடிவந்தாளாம். இதெல்லாம் நடந்தது உண்மைதான். ஆனால் ஐயா, வண்டி ஓட்டுகிறவன் எதிரில் வருவதைப் பார்ப்பானா, பின்னால் வருவதைப் பார்ப்பானா? பின்பக்கம் கண்டக்டருடையது. ஒரு விசில் அடித்தால் நிறுத்துவேன், இரண்டு விசில் அடித்தால் எடுப்பேன். என் காலும் அப்படியே பழகிவிட்டது. இதை நான் அமைதியாக விளக்கினேன்.

"அப்ப நானும் விசில் அடிக்கணுமா?" என்றாள்.

"அடிச்சா நிக்கப் போறேன்" என்றேன். இதுவும் சொல்லியிருக்கக் கூடாது போலிருக்கிறது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நியாயம் என் பக்கம் இருக்கும்போது நான் எப்படி விடுவது? "இதோ பாரு, அந்தக் காட்டேரி திரும்பிப் பார்த்தான், பெண்டாட்டியைப் பறிகொடுத்தான். நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை, நீ ஒவ்வொரு தடவையும் பத்திரமா வீடு வந்து சேர்ந்துட்ட. இதுல யாரு நல்ல புருஷன், நீயே சொல்லு" என்றேன். தாங்கள் படித்தவர், தாங்களே சொல்லுங்கள், இந்தக் கேள்வியில் ஓட்டை எங்கே இருக்கிறது? அவள் மெஷினுக்கு உறை போட்டாள். துணி நாலு எடுத்துப் பையில் திணித்தாள். வாசற்படியில் நின்று, "அவன் அவளை இழந்துடுவோம்னு தெரிஞ்சும் திரும்பினான். அந்தத் தவிப்பு இருக்கு பாருங்க, அதுக்குத்தாங்க அழுதேன்" என்று சொல்லிவிட்டு, தங்கள் இதழையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பேன்ட் நீளம் குறைக்கக் கொடுத்தவர் வந்து வாசலில் நின்று கேட்டால், நான் என்னவென்று சொல்வது? பாதாளத்தில் இருக்கிறாள் என்றா? சத்தமே இல்லாத வீட்டில் உட்கார முடியவில்லை ஐயா. ஒரு மதியம் சத்தத்துக்காகவே மெஷின் உறையை எடுத்துவிட்டு மிதித்துப் பார்த்தேன். ஊசி ஒடிந்துவிட்டது. பேருந்தின் எஞ்சின் எங்கே முனகுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், இந்தச் சின்ன மெஷின் எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் அவள் அடுக்கி வைத்திருந்த பழைய இதழ்களை எடுத்து, அவள் முக்காலியில் உட்கார்ந்து, கதையை முதலிலிருந்து ஒரு எழுத்து விடாமல் படித்தேன். என் மேல் என்ன வழக்கு என்றே தெரியாமல் நான் எப்படி வாதாடுவது?

படித்து முடித்த தைரியத்தில் மச்சினி வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து தெரு தள்ளி. சகலை மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். அந்த வீட்டிலும் எல்லோரும் உங்கள் வாசகர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் மனைவி உள்ளறையிலிருந்து வந்து, பாதாள ராஜா மாதிரி நின்று, நிபந்தனை போட்டாள்.

"வர்றேன். ஆனா நீங்க முன்னாடி நடங்க. நான் பின்னாடி வர்றேன்."

"சரி. திரும்பிப் பார்க்கணுமா, பார்க்கக் கூடாதா?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

ஆசிரியர் அவர்களே, சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டுநர் என்ன செய்வார்? சகலை என் காதோரம் வந்து, "அண்ணே, கண்டிப்பாத் திரும்பிப் பாருங்க. அண்ணி எதிர்பார்க்கிறது அதைத்தான்" என்றார். மச்சினி அவரை முறைத்து, "நீங்க சும்மா இருங்க. மாமா, திரும்பினீங்க, அக்கா திரும்ப இங்கேயே வந்துடுவா. கதைப்படி அதுதான் சட்டம்" என்றாள். பார்த்தால் கதைப்படி போச்சு. பார்க்காவிட்டால் வழக்குப்படி போச்சு. என் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். "இருங்க, வர்றேன்" என்று சொல்லி வீட்டுக்கு ஓடி, கொல்லையில் கிடந்த பழைய ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்தேன். திரும்பவும் வேண்டாம், பார்க்காமலும் இருக்க வேண்டாம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நடந்தேன். கண்ணாடியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். சின்னதாக, வளைந்து, ஆனால் தெளிவாக, என் மனைவி தெரிந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முதுகையே பார்த்தபடி வந்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவள் என் பின்னால் நடந்து வருவதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். நடையில் லேசான சாய்வு இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு போனதில் எதிரே வந்த சைக்கிள்காரர் மேல் மோதி, "பெருசு, மூஞ்சி பார்க்கிற நேரமா இது?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணாடியை மறுபடி நிமிர்த்திப் பார்க்கிறேன், அவளைக் காணோம். தெரு இருக்கிறது, பட்டன் கடை இருக்கிறது, ஒரு தண்ணீர் வண்டி இருக்கிறது. அவள் இல்லை. எனக்குத் திக்கென்றது. ரத்தக்காட்டேரிகள் கண்ணாடியில் தெரியமாட்டார்கள் என்று உங்கள் கதையிலேயே வருகிறதே! ஆனால் நான் அனுபவஸ்தன். எந்தப் பக்கக் கண்ணாடிக்கும் தெரியாத ஒரு மூலை உண்டு, பக்கத்திலேயே ஒட்டி வருகிற வண்டி அதில் மறைந்துவிடும். ஆஹா, பெண்டாட்டி என்னை ஒட்டியே வருகிறாள், அதனால்தான் தெரியவில்லை என்று முடிவு செய்து, பெருமையாக நிமிர்ந்து நடந்து வீடு சேர்ந்து, கதவைத் திறந்து, ஓரமாக நின்று, "வா வா, உள்ளே வா" என்றேன். காற்றுதான் உள்ளே வந்தது.

பட்டன் கடைக்கு முன்னால் அவள் வேண்டுமென்றே நின்றிருக்கிறாள். நான் திரும்புகிறேனா என்று பார்த்திருக்கிறாள். தெருமுனை வரைக்கும் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டாள். நான் மறுபடி ஓடிப்போய் நின்றபோது கதவைத் திறந்தது மச்சினி. "மாமா, அக்கா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னா. திரும்பிப் பார்க்கிறதுக்குக்கூட ஸ்கூட்டர் சாமான் தேவைப்படுற ஆளோட எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு கேட்கிறா" என்றாள். பின்னால் நின்ற சகலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருக்கட்டும், அவரைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

வேறு வழியில்லாமல்தான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தாங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். காதில் ஒயர் மாட்டியிருந்த உதவி ஆசிரியர் ஒருவரிடம் என் கோரிக்கையைச் சொன்னேன். அந்தப் பெண்மணி பொறுமையாகத்தான் கேட்டார். "சார், அது கிரேக்கப் புராணம். அவன் திரும்பித்தான் ஆகணும், அவ போய்த்தான் ஆகணும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலா அப்படித்தான் இருக்கு" என்றார்.

"ஏம்மா, ரெண்டாயிரம் வருஷமா ஒருத்தன் அதே தப்பைப் பண்ணிக்கிட்டு இருக்கான், நீங்க எல்லாரும் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கீங்களா?" என்றேன்.

"ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்க சார்" என்றார். எழுதிவிட்டேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பாதாள ராஜா அவனுக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும். யாழை இன்னும் கொஞ்சம் உருக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள், தந்துவிடுவார். இந்தத் தடவை அவன் மாடு மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அவள் பத்திரமாக மேலே வந்து சேர வேண்டும். வந்ததும் அந்த நர்சம்மா தன் வாயால், "நீங்க திரும்பிப் பார்க்காம நடந்தீங்களே, அதுல இருந்துதான் உங்க அன்பு எனக்குப் புரிஞ்சுது" என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வரி எனக்கு மிகவும் முக்கியம். பெரிய எழுத்தில் போட்டால் இன்னும் நல்லது. என் மனைவி தங்கள் எழுத்தாளர் சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் கேட்க மாட்டாள். கண்ணாடி வைத்துத் தப்பிக்கலாம் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அந்த நர்சம்மாதான் கடிபட்டுக் காட்டேரியாகிவிட்டாளே, கண்ணாடியில் எப்படித் தெரிவாள்? அந்தப் பயலுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியே இருந்திருக்காது. ஒருவேளை அதனால்தான் திரும்பினானோ என்னவோ. காலடிச் சத்தம் நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? வீட்டில் மெஷின் சத்தம் நின்றதே எனக்குப் பொறுக்கவில்லை. சரி, அதை விடுங்கள். நான் அவன் கட்சி இல்லை. தாங்கள் மாற்றவில்லை என்றால் வாராவாரம் எழுதுவேன். அதற்கும் மசியவில்லை என்றால் தங்கள் அலுவலக வாசலில் வந்து உட்காருவேன். போக்குவரத்து நெரிசலில் பழகிய உடம்பு, எத்தனை நேரம் வேண்டுமானாலும் அசையாமல் உட்காரும்.

தங்கள் இதழ் மேலும் மேலும் வளரட்டும். வாசகர்களின் வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கட்டும். எழுத்தாளருக்கு நல்ல புத்தியும் நல்ல கை வேகமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தன் முடிவில் மாறாத,
ஓய்வு பெற்ற ஓட்டுநர்.

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். பட்டன் கடையைத் தாண்டும்போது பின்னால் ஒரு செருப்புச் சத்தம். வலது கால் அழுத்தமாக விழுகிறது, இடது கால் லேசாக இழுக்கிறது. மெஷின் மிதித்து மிதித்து வந்த நடை. கண்ணாடியில் பார்த்த அதே சாய்வு, இப்போது காதில் கேட்டது. கொஞ்ச தூரம் கூடவே வந்து, சட்டென்று நின்றது. விசில் இல்லை, ஹார்ன் இல்லை, நான் நின்றேன். திரும்பினேன். அவள்தான். ஒடிந்த ஊசிக்குப் புது ஊசி வாங்கிக் கையில் வைத்திருந்தாள். பேன்ட் கொடுத்தவர் அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தங்கை வீட்டுக்கே போய், நான் ஊசியை ஒடித்து மெஷினை உடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கோள் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். அவள் கண் கலங்கிவிட்டது. "எப்படிங்க திரும்பினீங்க?" என்றாள். நானும் மனசு நெகிழ்ந்துபோய், "உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாக் கேட்கிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்படின்னா, அன்னைக்கு மார்க்கெட்ல என் செருப்பு அறுந்து சத்தம் நின்னதும் உங்களுக்குக் கேட்டிருக்கும்ல? ரயில்வே ஸ்டேஷன்ல? சித்தப்பா வீட்டுல? கேட்டுக்கிட்டேதான் போனீங்களா?"

ஐயா, என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன். அங்கே ஆரம்பித்த சண்டை வீடு வரைக்கும் நடந்தது. தபால் பெட்டி எந்தப் பக்கம் போயிற்று என்றே தெரியவில்லை, அதனால்தான் இந்தப் பின்குறிப்பு எழுத முடிகிறது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். பின்னால் நின்று கத்தினால் எனக்குச் சரியாகக் கேட்காது என்று, வழி முழுக்க அவள் என் பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறாள்.

முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் திரும்பிப் பார்த்தது அப்படியே இருக்கட்டும், ஒரு வரியும் மாற்ற வேண்டாம். எழுத்தாளருக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவர்கள் இருவரும் மறுபடி எங்கேயாவது சந்தித்தால், ராஜா கண்ணில் படாமல் நல்லதாக ஒரு சண்டை மூட்டிவிடச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.